அர்பாபின் துப்பாக்கிக்குத் தைத்த மெத்தை

கஃபீல் துப்பாக்கிப் பெட்டியோடு கடைக்கு வந்த அன்று காலையில்தான் நான் மூன்றாவது முறையாக ரிலீஸ் கேட்டிருந்தேன். ரிலீஸ் என்பது ஒரு தாள். கஃபீல், அதாவது என் விசாவுக்குச் சொந்தக்காரரான அரபி, இவன் வேறு இடத்தில் வேலை செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது கையில் இருந்தால் விமானம் ஏறாமலே இடம் மாறலாம். இல்லையென்றால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஆறு மாதம் உள்ளே வர முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் துபாயில் எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டம் அப்படித்தான் இருந்தது.

சத்வாவில் கார் சீட் தைக்கும் கடை. உட்கார்ந்து தைக்க இரண்டு மிஷின், பின்னால் தூங்க ஒரு அறை. கடையை நடத்தியவர் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். நான் அவரை மொதலாளி என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனால் கடையின் லைசென்சும் எங்கள் விசாவும் கஃபீல் பெயரில் இருந்தன. ஆகவே யாருக்கு யார் முதலாளி என்பது தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

"ஏன் தம்பி, சோத்துல கொறை வச்சனா? சம்பளத்துல கொறை வச்சனா?" என்று மொதலாளி அன்று காலையும் கேட்டார்.

"ஒரு கொறையும் இல்ல மொதலாளி. இந்த வேல போதும்னு தோணுது."

"தோணுதாம்ல! தோணுறவனுக்கெல்லாம் ரிலீஸ் குடுத்தா துபாயே காலியாயிரும்."

அஜ்மானில் படகு கட்டும் யார்டு ஒன்றில் இருக்கை தைக்க ஆள் கேட்டிருந்தார்கள். சம்பளம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் நான் படகில் வேலை செய்ததில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டு, திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறையில் சீட் அடித்து, சவூதியின் அல் கோபாரில் ஒரு வருடம் ரோடு உடைத்து, ஷார்ஜா பக்கம் முவைலாவில் ஒரு கேம்பில் படுத்துக் கம்பி கட்டி, பிறகு இங்கே வந்து மூன்று வருடம் ஒரே மாதிரி சீட் கவர் தைத்தாகிவிட்டது. எனக்குப் போக வேண்டும். அதற்கு மேல் காரணம் கிடையாது. வீட்டில் சாவு, தங்கைக்குக் கல்யாணம் என்று ஏதாவது சொல்லேன் என்று பக்கத்து மிஷின்காரன் யோசனை சொன்னான். செத்தவர்களை மறுபடி சாகடிக்கவும் இல்லாத தங்கையைக் கட்டிக் கொடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

கஃபீல் வந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். ஐம்பது வயது இருக்கும். நாங்கள் அவரை அர்பாப் என்போம். பாதி அரபி, பாதி உருது கலந்து பேசுவார். எனக்கு இப்போது அது தமிழில்தான் நினைவிருக்கிறது. அவருடைய டிரைவர் ஒரு பட்டாணியர். சொந்த நாட்டில் பட்டாளத்தில் இருந்தவர். அவர்தான் நீளப் பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே துப்பாக்கி, அதன் முதுகில் குறி பார்க்கும் ஸ்கோப்பு.

மொதலாளி ஓடிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். "அர்பாப், போலீஸ் மாஃபி? பிரச்சனை மாஃபி?" மாஃபி என்றால் இல்லை.

"லைசென்ஸ் இருக்கு. நீ ஷட்டரை எறக்குனாத்தான் போலீஸ் வரும். ஏத்து."

அர்பாப் கழுத்துப் பொத்தானை அவிழ்த்துத் தோளைக் காட்டினார். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம். ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. லண்டனில் வாங்கிய துப்பாக்கி. யானை, காட்டெருமை சுடுவதற்கென்றே செய்தது. ஒரு தோட்டாவை எடுத்து என் கையில் வைத்தார். என் நடுவிரல் பருமன், விரலைவிடக் கனம். இரண்டு மாதத்தில் ஆப்பிரிக்காவுக்குக் காட்டெருமை சுடப் போகிறார். ஆனால் மூன்று தோட்டாவுக்கு மேல் அவரால் சுட முடியவில்லை.

டிரைவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வலி மட்டும் இல்ல மதராசி. உதை வரும்னு தெரிஞ்சதும் உடம்பு முன்னாடியே துள்ளுது. மருந்தில்லாத காலித் தோட்டா போட்டுக் குடுத்தேன். அதுக்கும் துள்ளுறாரு. நெசத் தோட்டான்னா குண்டு வானத்துக்குப் போகுது."

"என்ன சொல்றான்?" என்றார் அர்பாப்.

"துப்பாக்கி நல்ல துப்பாக்கின்னு சொன்னேன் அர்பாப்."

அர்பாப் மொதலாளியைப் பார்த்தார். "நீ கார் சீட்டை மெத்தை ஆக்குற. இதையும் மெத்தை ஆக்கு."

மொதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் செய்றேன் அர்பாப். வலி போச்சுன்னா எனக்கு ரிலீஸ் குடுக்கணும்."

மேசைக்கடியில் மொதலாளி என் காலை மிதித்தார். அர்பாப் என்னை முதல்முறையாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வலி போனா கையெழுத்து. கலாஸ்." கலாஸ் என்றால் முடிந்தது.

டிரைவர் அடியிலிருந்த திருகாணிகளைக் கழற்றி, குழலும் விசையும் சேர்ந்த இரும்பைத் தனியே எடுத்துப் பெட்டியில் பூட்டினார். மரக்கட்டை மட்டும் எங்களிடம் தங்கியது. அதைப் பார்த்து மொதலாளிக்கு மூச்சு வந்தது.

*

என் முதல் வேலை கேவலமான வேலை. பார்க்க அழகாக இருந்ததால் அது கேவலம் என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

வலிக்கிற இடத்தில் மெத்து மெத்தென்று வைக்க வேண்டும். குஷன் வேலை செய்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? கடையிலேயே மிக மிருதுவான ஸ்பாஞ்சை எடுத்து, இரண்டு இஞ்ச் கனத்தில் கட்டையின் பின்முனைக்கு வெட்டினேன். விலை உயர்ந்த காருக்குத் தைத்ததில் மிஞ்சிய ஒட்டக நிறத் தோலை மேலே போர்த்தி, இரட்டைத் தையல் ஓட்டி, செருப்பு மாட்டுவதுபோல மாட்டும்படி அடியில் கயிறு கோத்தேன். மொதலாளி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"தலகாணி கெட்டுது போ. தம்பி, நீ ரிலீஸ் வாங்கிருவ போலிருக்கே."

டிரைவர் வந்து எடுத்துப் போனார். அது புதன்கிழமை. சனிக்கிழமை காலை அவர் மட்டும் வந்தார். புருவத்துக்கு மேலே விரலால் ஒரு பிறை வரைந்து காட்டினார்.

"அஞ்சு தையல். முதல் தோட்டா. ஸ்கோப்பு வந்து நேரா நெத்தியில."

திங்கட்கிழமை அர்பாபே வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி, கண் பாதி வீங்கியிருந்தது. நான் தைத்ததை மேசைமேல் எறிந்தார்.

"மதராசி. கேன்சல்."

மொதலாளி கையைக் கூப்பாத குறை. அறியாப் பையன், நல்ல வேலைக்காரன், அல்லாவுக்காக மன்னிக்கணும் என்று என்னென்னவோ சொன்னார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பையன் என்று சொன்னது கேன்சலைவிடக் கசந்தது.

"கேன்சல் பண்ணுங்க அர்பாப்," என்றேன். "தப்பு என்னோடது. ஆனா எங்க தப்புன்னு பாத்துட்டுப் போறேன். கெட்ட வேலையச் செஞ்சு வச்சுட்டு ஓடிட்டான்னு நாளைக்கி யாரும் சொல்லக் கூடாது. எப்படிப் புடிச்சீங்க, காட்டுங்க."

"என்ன?"

"துப்பாக்கிய. எப்படிப் புடிச்சு நின்னீங்க?"

வெளியே ஒரு டாக்சி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அர்பாப் என்ன நினைத்தாரோ, டிரைவரைப் பார்த்துக் கையை நீட்டினார். காரில் இருந்த துப்பாக்கியை டிரைவர் கொண்டுவந்து, தோட்டா இல்லை என்று இரண்டு முறை திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தார். என் தலையணையையும் மாட்டினோம். அர்பாப் தோளில் வைத்துக் குறி பார்த்தார்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கட்டை இரண்டு இஞ்ச் நீண்டதால் அவர் கழுத்தை எட்டி நீட்டி ஸ்கோப்புக்குள் பார்த்தார். கோழி வேலிக்கு வெளியே எட்டிப் பார்ப்பதுபோல. நான் பின்முனையில் உள்ளங்கையை வைத்துத் துப்பாக்கியை அவர் பக்கம் தள்ளினேன். ஸ்பாஞ்ச் எதிர்ப்பே இல்லாமல் நசுங்கி ஒன்றுமில்லாமல் போனது. ஸ்கோப்பின் இரும்பு வளையம் அவர் பிளாஸ்திரிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது. அர்பாப் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதான்," என்றேன்.

ஸ்பாஞ்ச் உதையைத் தடுக்கவில்லை. உதைக்கிறவனுக்கு ஓடி வர இடம் கொடுத்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து உதைத்தால் ஒரு வலி, இரண்டடி ஓடிவந்து உதைத்தால் வேறு வலி. லாரி சீட்டில் இதை நான் பட்டறையிலேயே பார்த்தவன். டிரைவருக்கு சொகுசாக இருக்கட்டும் என்று வெறும் பஞ்சுபோல அடித்துக் கொடுத்தால், முதல் பள்ளத்தில் அவன் பின்புறம் பலகையில் இடிக்கும். அடியில் கல்மாதிரி ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் இளக்கமாக ஒரு அடுக்கு, அதுதான் சரி. தெரிந்த வேலையையே துப்பாக்கி என்றதும் மறந்துபோனேன்.

"எத்தன நாள்?" என்றார் அர்பாப்.

"பத்து நாள். ஆனா கட்டைய வெட்டணும்."

"எதை வெட்டணும்?"

"மரத்த. ஒன்றரை இஞ்ச்."

அவர் முகம் சிவந்தது. அது முகம் பார்க்கலாம்போல் மெருகேற்றிய வால்நட் மரம். கோடு கோடாக ஓடும், தேன் நிறம். "லண்டன்காரன் வெட்டாததை நீ வெட்டுவியா?"

"லண்டன்காரனுக்கு நீளக் கை அர்பாப். உங்களுக்குக் குட்டக் கை."

டிரைவர் திரும்பி நின்று இருமினார். மொதலாளி "யா அல்லா" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அர்பாபின் முழங்கையை மடக்கச் சொன்னேன். தையல்காரன் கை அளவு எடுப்பதுபோல, மடித்த முழங்கையின் உள்பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு வரை. பதின்மூன்று இஞ்ச். துப்பாக்கியில் விசையிலிருந்து பின்முனை வரை அளந்தேன். பழைய ரப்பரோடு பதினாலு. நான் கட்டிய தலையணையோடு பதினாறு. டேப்பை அப்படியே அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். அவருக்கு எண் வாசிக்கத் தெரியும்.

டேப்பைத் தள்ளிவிட்டு, "வெட்டு," என்றார். "ஆனா இந்தத் தடவ முதல் தோட்டா உன் தோள்ல."

"சரி."

"தோள் ஒடஞ்சா ரிலீஸ் மாஃபி. கேன்சல்."

"அதுவும் சரி."

அவர் போன பிறகு மொதலாளி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "குட்டக் கையாம்! எம் மூஞ்சிக்கு நேரா எங் கஃபீலப் பாத்துக் குட்டக் கையாம்! ஒனக்கு வாய்க்குத் தையல் போடணும்டா, இரட்டத் தையல்."

*

பத்து நாளும் அந்தக் கட்டையோடுதான் இருந்தேன். பகலில் சீட் வேலை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இது.

யோசித்தபோது அல் கோபார் நினைவுக்கு வந்தது. அங்கே கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் பிடித்தேன். புதிதாய் வருகிறவர்கள் சின்ன பிரேக்கருக்கு அடித்துக்கொள்வார்கள், தூக்குவது எளிது என்று. ஒரு வாரத்தில் அவர்கள் விரல் மரத்துப்போகும், சோற்றைப் பிசைய வராது. பெரிய பிரேக்கரைத் தூக்கத்தான் முதுகு ஒடியும். ஊன்றி நிறுத்திவிட்டால் அது தன் கனத்தாலேயே பாதி அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு பிரேக்கரையும் பிடித்த கை சொன்னது. அந்த வருடம் எனக்குக் கொடுத்த ஒரே லாபம் இதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

ஆகவே துப்பாக்கிக்குக் கனம் வேண்டும். பக்கத்து கார்கோ கடையில், ஊருக்குப் பெட்டி அனுப்புகிறவர்களுக்காக வைத்திருந்த தராசில், டிரைவர் பக்கத்தில் நிற்க, போர்வையில் சுற்றி வைத்தோம். நாலே கால் கிலோ. கார்கோ கடைக்காரர் போர்வையைத் தொட்டுப் பார்த்து, "என்னப்பா, பைப்பா? டூட்டி போடுவான்," என்றார். டிரைவருக்குத் தமிழ் புரியாதது நல்லதாய்ப் போயிற்று.

டயர் கடைகளில் சக்கரம் ஆடாமலிருக்க ஓரத்தில் ஈயத்துண்டு அடிப்பார்கள். கழற்றிப்போட்ட பழைய துண்டுகள் டப்பா டப்பாவாகக் கிடக்கும். கேட்டதும் கொடுத்தார்கள். பால்மாவு டப்பாவில் உருக்கி, குழாயில் ஊற்றிக் கட்டை கட்டையாக வார்த்தேன். கட்டையின் பின்முனையில் பழைய ரப்பரைக் கழற்றியபோது உள்ளே ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. மரத்தை அறுத்து முடித்த பிறகு அதில் ஈயத்தைத் துணியில் சுற்றி, அசையாதபடி இறுக்கி அடைத்தேன். பின்பக்கம் மட்டும் கனத்தால் முன்பக்கம் மேலே எகிறும் என்று டிரைவர் சொன்னார். சரியான பேச்சு. குழலுக்கு அடியில் மரத்தில் இருந்த பள்ளத்திலும் ஒரு பட்டையை வைத்தேன்.

மரத்தை அறுப்பதற்குத் தச்சரிடம் போகவில்லை. கெட்டால் என் கையால் கெடட்டும். வெட்டும் கோட்டைச் சுற்றி டேப் ஒட்டினேன், சிம்பு கிளம்பாமல் இருக்க. நுண்பல் ரம்பம். மொதலாளி கடையை விட்டே வெளியே போய்விட்டார். அறுத்து முடித்து டேப்பை உரித்தபோது ஓரம் கத்தியால் வெட்டிய அல்வாபோல இருந்தது.

மெத்தைக்கு லாரி எஞ்சினுக்கு அடியில் வைக்கும் மவுண்டிங் ரப்பர் எடுத்தேன். ஒரு டன் எஞ்சின் ஆடுவதைத் தாங்குகிற ரப்பர். அதை ஒரு இஞ்ச் கனத்துக்குச் செதுக்கி, பக்கவாட்டில் வரிசையாகத் துளை போட்டேன். துளை இல்லாவிட்டால் கல், அதிகமாகப் போட்டால் மறுபடி ஸ்பாஞ்ச். கட்டைவிரலை வைத்து முழு உடம்பையும் சாய்த்தால் பாதி இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கக் கூடாது. மூன்று ரப்பரைக் கெடுத்து நாலாவதில் அது வந்தது. பழைய ரப்பரைவிட அரை விரல் அகலமாகவும் விட்டேன். ஊசி குத்துவதும் உள்ளங்கை அறைவதும் ஒன்றல்ல. மேலே தோல். ஆனால் வழவழப்பான பக்கம் உள்ளே, முரட்டுப் பக்கம் வெளியே. அர்பாபின் கந்தூரா, அந்த நீள வெள்ளை அங்கி, வழுக்குகிற துணி. வழவழத்தோல் அதில் சறுக்கித் தோளை விட்டுக் கைக்குப் போய்விடும்.

மறுபடி தராசு. ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

டிரைவர் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "அர்பாப் கேப்பாரு, இவ்வளவு கனத்த ஆப்பிரிக்காவுல யாரு சொமக்கிறதுன்னு."

"யாரு சொமப்பாங்க?"

"நான்தான். எப்பவும் நான்தான். அதான் கேக்கிறேன்."

*

வெள்ளிக்கிழமை காலை அல் அய்ன் போகும் சாலையிலிருந்து உள்ளே விலகி அர்பாபின் தோட்டத்துக்குப் போனோம். பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் ஒரு மணல் மேடு. அதன் முன்னால் ஒரு டிரம் மூடியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மொதலாளி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நிமிடத்தில் காரில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க உதடு அசைந்தபடியே வந்தார்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு கிலோ எடை. அர்பாப் என்னைவிட முப்பது கிலோ அதிகம் இருப்பார். டிரைவர் என் காதில் பஞ்சு அடைத்து, பின்னால் நின்று தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"இடது கால் முன்னால. உடம்ப முன்னால சாய். தோளுக்கும் கட்டைக்கும் நடுவுல காத்துக்கூட இருக்கக் கூடாது. பயந்து தளர்த்திப் பிடிச்சே, செத்தே. நல்லா இழுத்து அணை. பொண்டாட்டிய அணைக்கிற மாதிரி."

"கல்யாணம் ஆகல பாய்."

"அப்ப ரொம்ப இறுக்கமாப் பிடிப்பே. நல்லது."

குறியெல்லாம் பார்க்கவில்லை. மூடி தெரிந்தது, விசையை இழுத்தேன். காதைவிட முதலில் நெஞ்சுக்குள் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் திறந்துகொண்டு வேகமாக வெளியே வரும்போது கதவு நம்மைத் தள்ளுமே, அப்படி ஒரு தள்ளு. அடி அல்ல, தள்ளு. ஒன்றரை அடி பின்னால் போனேன். கீழே விழவில்லை. புருவத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஸ்கோப்பு அதன் இடத்தில் இருந்தது.

அர்பாப் கையை நீட்டினார், துப்பாக்கியை வாங்க. நான் கொடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு," என்றேன்.

"எதுக்கு?"

"மூணாவதோட உங்களுக்கு நின்னு போச்சுல்ல? மூணும் நான் வாங்கிப் பாக்கறேன்."

இரண்டாவதும் மூன்றாவதும் சுட்டேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். தோள் சூடாகி மரத்திருந்தது. ஆனால் நாலாவது சுடச் சொன்னால் சுட்டிருப்பேன். சட்டையைக் கழற்றிக் காட்டினேன். சிவப்பு மட்டும்தான், கருநீலம் இல்லை.

பிறகு அர்பாப். முதல் தோட்டாவுக்குத் துள்ளினார், பழக்கத்தில். இரண்டாவதுக்குக் கொஞ்சம். நாலாவதில் மூடியில் ஓட்டை விழுந்தது. ஐந்து. ஆறு. ஏழாவது தோட்டாவை டிரைவர் போட்டுக் கொடுத்தார். அர்பாப் இழுத்தார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். குழல் இம்மிகூட அசையவில்லை.

"காலி அர்பாப்," என்றார் டிரைவர், பல்லைக் காட்டியபடி. "துள்ளல."

அர்பாப் அவரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்து, சிரித்துவிட்டார். மொதலாளியும் சிரித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

சாயா வந்தது. குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். "அர்பாப், ரிலீஸ்."

அர்பாப் கட்டையின் பின்முனையைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க போற?"

"அஜ்மான். படகு யார்டு."

"வேணாம். சம்பளம் கூட்டுறேன். என் கூட்டாளிகள் பத்துப் பேர்கிட்ட இந்த மாதிரித் துப்பாக்கி இருக்கு. எல்லாத்தையும் நீ செய். இப்படிக் கை உள்ளவன எவனாவது விடுவானா?"

"வலி போனா கையெழுத்துன்னு சொன்னீங்க."

அவர் தோளைக் குலுக்கிக் கண்ணைச் சிமிட்டினார். "இன்னும் கொஞ்சம் வலிக்குதே."

கெட்ட மனிதர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பாராட்டுவதாகத்தான் நினைத்தார். என் வேலை கெட்டிருந்தால் துரத்தியிருப்பார். நன்றாக வந்ததால் கட்டிவைக்கிறார். இரண்டிலும் நான் கேட்டது இல்லை.

"அப்ப கேன்சல் பண்ணிருங்க."

சிரிப்பு நின்றது. மொதலாளி எழுந்தார். "தம்பி, வாய மூடு."

"ஆறு மாசம் வர முடியாது. தெரியுமா?" என்றார் அர்பாப்.

"தெரியும்."

"படகு யார்டு ஆறு மாசம் காத்திருக்குமா?"

"இருக்காது."

"அப்ப எதுக்குப் போற?"

"நீங்க எதுக்கு ஆப்பிரிக்கா போறீங்க அர்பாப்?"

"எரும சுட."

"வீட்டுல கறி இல்லையா?"

டிரைவர் சுட்டு விழுந்த தோட்டா உறைகளை ஒவ்வொன்றாக மணலிலிருந்து பொறுக்க ஆரம்பித்தார், அது அவசர வேலை என்பதுபோல. மணல் மேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அர்பாப் கடைசியில் எழுந்து கந்தூராவைத் தட்டிவிட்டார்.

"கலாஸ். கேன்சல். யல்லா."

திரும்பும் வழியில் சத்வா சிக்னலில் நின்றபோது மொதலாளி வெடித்தார். "சம்பளம் கூட்டுறேங்கிறாரு! பத்துத் துப்பாக்கிங்கிறாரு! ஒனக்கு என்னதான்டா வேணும்?"

"அந்தத் தாள்."

"அது கெடைக்கலேல்ல?"

"கெடைக்கல. அதனால மத்தது வேணாம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் நான் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கு அவர்தான் கூட்டிப் போனார். பெட்டியைத் தூக்கவும் விடவில்லை, தோள் வலிக்கும் என்று அவரே தூக்கினார்.

அஜ்மான் வேலைக்கு ஒரு மாதத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரில் பஸ் சீட் தைத்தேன். நாள் கூலி. மழையில் பட்டறைக்குள் தண்ணீர் வரும்போது மிஷினைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ஆறு மாதம் முடிந்து சில நாளில் மொதலாளியிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே என் பெயரில் புது விசா, அதே கஃபீல், அதே கடை. கூட ஒரு கடிதம். அர்பாப் எருமை அடித்துவிட்டாராம், ஒரே தோட்டா, தோளில் தழும்பே இல்லையாம். கூட்டாளிகளிடம் எல்லாம் காட்டுகிறாராம். அந்த மதராசியைக் கூப்பிடு என்று தினமும் நச்சரிக்கிறாராம். சம்பளம் முன்பு சொன்னதைவிட அதிகம். "இந்த விசா போனால் அவர் இனிமேல் எடுக்க மாட்டார். கோபத்தை விட்டுவிட்டு வா தம்பி," என்று எழுதியிருந்தார்.

கோபம் என்று எதுவும் இல்லை. அதை அவருக்கு விளக்க எனக்கு எழுத்து போதாது. விசாத்தாளை மடிப்புக் கலையாமல் திரும்ப அதே உறைக்குள் வைத்து, ஒரு சீட்டும் எழுதிப் போட்டேன்:

"மொதலாளிக்கு வணக்கம். துப்பாக்கி சரியாக இருப்பதில் சந்தோஷம். தோலுக்கு எண்ணெய் போடக் கூடாது, முரட்டுப் பக்கம் வழுக்கிவிடும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ரப்பர் மூன்று வருடம் தாங்கும், பிறகு மாற்ற வேண்டும். அளவெல்லாம் மிஷின் டிராயரில் எழுதி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். நான் வரவில்லை."

அப்போது என்னிடம் வேறு விசா எதுவும் இல்லை. தபால் ஆபீசில் ரிஜிஸ்டர் தபாலாகவே அனுப்பினேன், தொலைந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.